இரண்டாவது பொத்தான் இல்லாத கோட்

மச்சான், நீ வென்றுவிட்டாய்! இன்று காலை ரொக்ஸ்பரோவில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான்கள் விற்றார்கள். அட்டைப்பெட்டியைத் திறந்ததும் பூச்சி உருண்டை வாசம். உள்ளே ஒரு படம். கனத்த உரோமக் கோட் போட்ட இளைஞன். இரண்டாவது பொத்தானைத் தேடினேன். இல்லை!

நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு மொன்றியலில் முகப்படம் எடுத்த அந்த மனிதரின் பைத்தியத்தை எனக்கு ஒட்டவைத்தவன் நீதான். கப்பலில் வந்து, மாடி அறையொன்றில் தொடங்கி, பின்னாளில் பெரிய ஸ்டூடியோவில் சீமான்களைப் படமெடுத்தவர். தரையில் உப்பைக் கொட்டிப் பனி என்று காட்டுவார். ஸ்டூடியோப் படங்களில் அவர் பெயர் உண்டு. மாடி அறைப் படங்கள் எவை என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. நீ பெயரில்லாத மூன்று படங்களை வைத்துக்கொண்டு, அவைதான் இவை என்று சாதித்தாய். மூன்று முகங்கள், ஒரே கோட்.

அவற்றைக் கொண்டுபோய்க் காட்டியபோது அருங்காட்சியகத்து அம்மையார், அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் உடுத்தினார்கள் என்று சிரித்தார். வெளியே வந்ததும் நீ வெடித்தாய். "இது வந்து இறங்கின சனத்துக்கு அவர் குடுத்த இரவல் கோட். இரண்டாம் தெறியைப் பார், மூண்டிலையும் இல்லை. எங்களுக்குத் தெரியாதே?"

நாங்கள் மொன்றியலுக்கு வந்த புதிதில், லாசாலில் ஏழு பேருக்கு ஒரே ஒரு நல்ல கோட். அதைப் போட்டு, யாருடையதோ காருக்குப் பக்கத்தில் நின்று, ஊருக்குப் படம் அனுப்பினோம். "வயித்தை எக்கு மச்சான், தெறி பூட்டேலாமல் கிடக்கு!" என்று கத்திக்கொண்டு, கோட் இல்லாமல் வெறும் சேட்டோடு நடுங்கி நடுங்கி நீ படமெடுத்தாய். ஏழு அம்மாக்களும் பிள்ளைக்குக் குளிராது என்று நிம்மதியாக இருந்தார்கள்.

இருந்தும் நான் உன்னை நம்பவில்லை. "உனக்கு எல்லாரும் இரவல் கோட்காரர்தான்" என்று கேலி செய்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் நீ விடவில்லை. "பேந்து ஒரு நாளைக்கு இன்னொரு படம் வரும், பாரன்" என்றாய். அந்தக் கேலிக்காக இன்று வெட்கப்படுகிறேன்.

படத்தைத் திருப்பினேன். பின்னால் பிரெஞ்சில், 'என் கோட். இதே படத்தை அம்மாவுக்கும் அனுப்பினேன்.' கீழே அவருடைய கையெழுத்து, மாடி அறையின் விலாசம். அந்த இளைஞன் அவரேதான் மச்சான்!

நீ விட்டுப்போன மூன்றோடு இதையும் சேர்த்துத் திங்கட்கிழமை அந்த அம்மையாரின் மேசையில் வைக்கப் போகிறேன். கண்டுபிடித்தவர் என்று உன் பெயரைத்தான் சொல்வேன்.

எங்கள் லாசால் கோட் இன்னும் என் அலுமாரியில்தான் இருக்கிறது, அதே பூச்சி உருண்டை வாசத்தோடு. வீட்டுக்கு வந்ததும் அதை மாட்டிக்கொண்டு மகளிடம் படமெடுக்கச் சொன்னேன். "அப்பா, வெயில் கொளுத்துது!" என்று சிரித்தாள். வயிற்றை எக்கியும் பூட்ட முடியவில்லை. அனுப்புவதற்கு ஊரில் அம்மா இல்லை. படத்தை அச்செடுத்து, பின்னால் உன் பெயரை எழுதி, 'நான் தோற்றுப்போனேன்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.