கிம்ரோ பிறந்த கதை

4.5.09, திங்கள்
வெயில். கரண்ட் இல்லை. மாமாவின் பனியன் கம்பெனியில் லீவு வேலை: அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுவது. கூட்டாளி செல்வின், தூத்துக்குடிக்காரன். இனி செ. டீக்கடையில் கொதிக்கிற பஜ்ஜியை முழுசாக வாயில் போட்டான். விழுங்கவும் முடியாமல், துப்பவும் மனமில்லாமல், "கிம்ரோ" என்றான். நானும் அவனும் கற்பனையில் கட்டிய டிராகன் நாட்டின் மொழிக்குப் புதுச் சொல். எந்த ஊர் மொழியிலும் இருக்கக்கூடாது என்பது சட்டம். பாஸ். பொருள்: வாய்க்குள் தீ. நாட்டின் மக்கள்தொகை: இருவர்.
மதியம் சும்மா ஒரு பெட்டியின் மேல் அதை இங்கிலீஷில் எழுதி வைத்தேன்.

6.5, புதன்
சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பிய ஆள் பிரித்துப் பார்த்து ஓகே சொன்னது அந்தப் பெட்டியைத்தானாம். சூப்பர்வைசர் பொன்னுசாமி அண்ணன் உத்தரவு: இனி எல்லாப் பெட்டியிலும் கிம்ரோ.
டைலர்: "இத்தாலி வார்த்தைங்க." கட்டிங் மாஸ்டர்: "இல்லீங்க, இந்தி." பீகார் அண்ணனிடம் கேட்டால், "தமிழ் ஹை."
வயிறு வலி. சிரித்தே.

7.5, வியாழன்
சிரிப்பு கட். செ.யின் அம்மா பேக்கிங்கில் வேலை. அவர் கட்டிய பெட்டிகளில் மட்டும் கிம்ரோ இல்லை, அப்படியே லாரியேறிவிட்டன. "எம் பிள்ள வாய் வெந்து கத்துனத நான் ஏம்ல எழுதணும்?" என்று எங்களிடம்தான் கேட்டார். பொன்னுசாமி அண்ணனிடம் மூச்சு விடவில்லை, நாங்கள் மாட்டுவோமென்று.
அண்ணன்: "திங்கக்கெழமையிலிருந்து வராதீங்க அக்கா."

8.5, வெள்ளி
அண்ணனிடம் போய் உண்மையைச் சொன்னேன். பஜ்ஜி உட்பட.
"வெளையாடாத கண்ணு. அது எக்ஸ்போர்ட் வார்த்த."
செ. நாக்கை நீட்டிக் கொப்புளத்தைக் காட்டினான்.
"சூட்டு ஒடம்பு சாமி. சீரகத் தண்ணி குடி."

9.5, சனி
மேகமூட்டம். உண்மை வேகாததால் பொய். "அண்ணா, பையர் ஆளு மாமா ஊட்டுல சொன்னாருங்க. சந்தேகப்பட்டு செக் பண்ற பெட்டிக்குத்தான் கிம்ரோவாம். நம்பிக்கையான பெட்டிக்கு எழுதவே கூடாதாமுங்க."
அண்ணன் தாடையைத் தடவினார். "அதான பாத்தேன். அக்காளத் திங்கக்கெழம வரச் சொல்லு."
மிச்சப் பெட்டிகளில் கிம்ரோ மேல் காகிதம் ஒட்டி மறைக்கும் வேலை யாருக்கு? எனக்குத்தான். முதுகு போச்சு.

10.5, ஞாயிறு
செ. கோபம். ஓட்டெடுப்பு இல்லாமல் அவன் சொல்லுக்குப் பொருளை மாற்றிவிட்டேனாம். நாட்டில் பிளவு. ஆளுக்கு ஒரு மூலை.
அவன் அம்மா தட்டில் பஜ்ஜி கொண்டுவந்து நடுவில் வைத்தார். "ஏல, ஊதித் தின்னுங்க. இன்னொரு வார்த்த பொறந்துறப் போவுது."