கராம்பு டின்னில் கிடந்த கணிப்பு

நானா,

கராம்பு டின்னைத் திறந்தால் முதலில் மூக்குக்குத்தான் சேதி போகும். இன்று காலையில் திறந்தேன். கராம்புக்கு மேலே, நாலாய் மடித்த உங்கள் கடதாசி. எடுத்து முகர்ந்து பார்த்தேன். கராம்பு வாசம்தான் அடித்தது. ஆனாலும் எனக்கென்னவோ உங்கள் கடையில் ஈயம் உருகிப் புகையும்போது வரும் வாசம்தான் வந்தது.

இந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை. எனக்கு எழுத வராது என்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்? நான் வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொண்டு போகிறது. கொழும்பில் வேலை செய்யும் மகள் போன மாதம் வந்தபோது பழக்கிவிட்டாள். "சும்மா பேசுங்க அப்பா, அது எழுதும்" என்றாள். பேசினேன். எறும்பு வரிசை மாதிரி எழுத்து ஓடி வந்தது. அவள் கைதட்டிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் சொன்னது அப்படியே நடந்துவிட்டதே என்றிருந்தது.

உக்குவளை ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் போன் திருத்தும் உங்கள் கடை, அதற்கு எதிரே தேத்தண்ணிக் கடை. தோட்டத்தில் கராம்பு பறிக்கும் வேலை இல்லாத நாளெல்லாம் நான் அங்கேதான். நீங்களும் ஒரு பிளேன்டீக்கு வருவீர்கள். அண்ணன் முறையில் உங்களை நான் நானா என்பேன், நீங்கள் என்னைத் தம்பி என்பீர்கள். பத்திரிகையை விரித்துவிட்டு என்னைப் பார்ப்பீர்கள். "தம்பிட கண்ணாடிக்கு இந்தப் பொடி எழுத்து புடிபடாது. நானே வாசிக்கிறேன், கேளுங்க" என்பீர்கள். எத்தனை வருஷம் அப்படிச் சொன்னீர்கள்! அந்தக் கண்ணாடியை நான் பகட்டுக்குப் போட்டிருந்தேன். கோயில் கமிட்டியில் என்னைத் தலைவராக வைத்திருந்தார்கள். சட்டைப்பையில் பேனா ஒன்றும் இருக்கும். அந்தப் பேனா கடதாசியைத் தொட்டதில்லை என்பது அப்போது ஊரில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

வாசித்து முடித்ததும் உலகத்தைப் பிரித்துப் போடுவீர்கள். ஒரு நாள் செத்துப்போன போன் ஒன்றைக் கொண்டுவந்து மேசையிலேயே திறந்து காட்டினீர்கள்.

"இங்க பாருங்க தம்பி. இதுட மூள ஒரு நாட்டுல செஞ்சது. கண்ணு இன்னொரு நாடு. பட்டரி சீனா. கணக்குப் போட்டு வரைஞ்சவன் அமெரிக்காவுல ஈக்கான். உள்ளுக்க எல்லாரும் ஒட்டிக்கிட்டுத்தான் ஈக்காங்க. வெளியிலதான் அமெரிக்காவும் சீனாவும் சண்ட. முழுசா வெட்டிக்கிட்டா ரெண்டு பேர்ட போனும் செத்துப்போகும். அதால கடைசில ராசியாகுவாங்க, எழுதி வச்சிக்கங்க."

"நான் எங்க எழுதி வைக்கிறது? நீங்களே எழுதுங்க" என்றேன், உங்கள் காதுக்குள். அப்படித்தான் அந்தப் பழக்கம் தொடங்கியது. நோன்பு தொடங்குவதற்கு முந்தின நாள், வரப்போகும் வருஷத்துக்கு ஆளுக்கொரு கணிப்பு. எந்த நாடு எந்த நாட்டோடு சேரும், எந்த மாதிரி போன் வரும், எது போகும். உங்களுடையதையும் நான் சொல்வதையும் ஒரே கடதாசியில் நீங்களே எழுதுவீர்கள். பூச்சி அண்டாதென்று என் கராம்பு டின்னில் அதைப் போட்டு வைப்போம். அடுத்த வருஷம் அதே நாளில் பிரித்து நீங்களே வாசிப்பீர்கள். தோற்றவர் கடையில் இருக்கிற எல்லாருக்கும் தன் கையால் தேத்தண்ணி ஊற்ற வேண்டும்.

நீங்கள் மாற்றி வாசித்திருந்தால் எனக்குத் தெரியவா போகிறது? ஒரு நாளும் மாற்றவில்லை. "போனைப் பாய் மாதிரி சுருட்டிக் கக்கத்துல வச்சிட்டுப் போவாங்க என்டு எழுதியீக்கேன். எங்கே? ஒருத்தன்ட கக்கத்துலயும் காணோம்" என்று சொல்லிவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றப் போவீர்கள்.

நான் ஜெயித்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? அதற்கு எங்கள் தோட்டத்துப் பலாமரத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் துரைக்கும் பக்கத்துத் தோட்டத்துத் துரைக்கும் எல்லையில் நின்ற அந்த மரத்துக்காகச் சண்டை. இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போகக்கூடாதென்று குறுக்குப் பாதைக்கு முள்கம்பி அடித்துவிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் மலையைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். பழமெல்லாம் குரங்குக்கு. அப்புறம் ஒரு நாள் கிளப்பில் லைட் மாட்டப் போனவன் வந்து சொல்கிறான், ரெண்டு துரையும் ஒரே மேசையில் சீட்டு விளையாடுகிறார்களாம்! ராசியாகி மாதக்கணக்காகிறது. கம்பியை அவிழ்க்க மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அதனால் நான் சொன்னேன்: "பெரியவங்க கைகுடுத்துக்குவாங்க நானா. குறுக்குப் பாதயத்தான் தொறக்க மாட்டாங்க. ஒங்க கடைக்குச் சாமான் சுத்திக்கிட்டுத்தான் வரும்." அந்த வருஷம் அமெரிக்காத் தலைவரும் சீனாத் தலைவரும் கைகொடுத்துப் படமும் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் கடைக்கு வரவேண்டிய போன் கண்ணாடியும் பட்டரியும் வரவேயில்லை. "உலகத்தப் பலாமரத்துல ஏறிப் பாத்த ஒரே மனுசன் நம்மட தம்பிதான்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தீர்கள்.

அதற்கு அடுத்த வருஷம்தான் அது நடந்தது. புதுப் போன் ஒன்றைப் பற்றி வாசித்துவிட்டுக் குழந்தை மாதிரி துள்ளினீர்கள். "இன்னும் ரெண்டு வருஷம்தான், பாருங்க! மனுசன் பேசுவான், போன் எழுதும். கடதாசியக் காட்டினா அதுவே வாசிக்கும். தம்பி, இனி நீங்க எழுத்துத் தெரியாதென்டு ஒளிக்கத் தேவல்ல!"

கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். ஒருவன் மெதுவாகப் பத்திரிகையை என் பக்கம் தள்ளினான். "தலைவரே, இன்னைக்கு என்ன போட்டிருக்காங்க? கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். வாய் தவறி வந்தது என்று தெரிந்தது. தெரிந்தும் சொன்னேன்:

"அமெரிக்கா சீனாவுக்குப் போன் எடுக்குமான்னு சொல்லுவீங்க. வெளிநாடு போன ஒங்க மகன் எப்ப ஒங்களுக்குப் போன் எடுப்பான்? அதச் சொல்லுங்க பாப்போம்."

திரும்பவும் சிரித்தார்கள். இந்த முறை உங்களைப் பார்த்து. பாதி பிளேன்டீ கிளாஸில் இருக்க, நீங்கள் எழுந்து ரோட்டைக் கடந்து போனீர்கள். சொன்ன வாயை இன்றைக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை நானா.

நான் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். நோன்புக்கு முந்தின நாள் வந்தது. தேத்தண்ணிக் கடை முதலாளி தோட்டத்து லயத்து வீட்டுக்கே தேடி வந்து கடதாசி ஒன்றைக் கொடுத்தார். "நானா குடுக்கச் சொன்னாரு. ஒங்க கையிலயே குடுக்கணுமாம்." வாங்கி டின்னில் போட்டேன். திட்டி எழுதியிருப்பீர்கள் என்று நினைத்தேன். வாசிக்கத் தெரியாதவனுக்கு எழுதி அனுப்புவதே ஒரு கேலி என்றும் நினைத்தேன். அவ்வளவுதான் என் புத்தி.

போன வருஷம் அந்த நோன்புப் பெருநாள் அன்று வீட்டில் இருக்கக் கால் கேட்கவில்லை. ரயில் கடவை வரைக்கும் வந்தேன். அங்கிருந்து பார்த்தால் உங்கள் கடையின் கதவு பாதி திறந்திருந்தது. பெருநாளில் நீங்கள் கடை திறந்ததேயில்லை. என்னவோ அவசர வேலை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்து நீங்கள் மவுத்தாகிவிட்டீர்கள் என்று சேதி வந்தது. உங்களை அடக்கம் செய்தபோது மையவாடி வாசலில் நின்றேன், உள்ளே வரக் கூச்சமாயிருந்தது.

போன மாதம் மகள் கொழும்புக்குத் திரும்பிப் போன பிறகு, ஒரு பகல் நேரம் அந்தக் கடதாசியை எடுத்தேன். அவளிடமே நீட்டியிருக்கலாம். உங்கள் திட்டை அவள் வாயால் கேட்க மனம் வரவில்லை. போனுக்கு முகம் கிடையாது, அதன் முன்னால் வெட்கமில்லை. மகள் காட்டித் தந்தபடி கடதாசிக்கு மேலே பிடித்தேன். யாரோ ஒரு பொம்பளைக் குரல், சுகதுக்கம் இல்லாத குரல், வாசித்தது.

"இந்த வருடம் நாடுகளைப் பற்றி ஒன்றுமில்லை. என் கணிப்பு: இதை வாசித்துக் காட்டச் சொல்லி, பெருநாளைக்கு முன்னால் தம்பி என்னிடம் வருவார். பெருநாள் அன்றும் கடையில் இருப்பேன். தம்பியின் கணிப்பு:"

அதோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே வெறும் இடம். நான் சொல்ல, நீங்கள் எழுத வேண்டிய இடம்.

வாசிக்க உங்களிடம்தானே நான் வரவேண்டும்? அதற்காகவே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். மன்னிப்பை இப்படியும் கேட்கலாம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. போனும் எழுத்தும் பற்றி நீங்கள் சொன்னது பலித்தது. என்னைப் பற்றிச் சொன்னதை நானே பொய்யாக்கினேன்.

போன வாரம் இந்த வருஷப் பெருநாள். தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். முதலாளியிடம் கேத்தலை வாங்கி, இருந்த எல்லாருக்கும் நானே ஊற்றினேன். அன்றைக்குப் பத்திரிகையைத் தள்ளியவனும் இருந்தான், அவனுக்கும் ஊற்றினேன்.

"என்ன தலைவரே, இந்த வருசம் எந்த நாடு தோத்துச்சு?" என்றான்.

"நாடு இல்ல தம்பி. நாந்தான்."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு கிளாஸில் பாதி ஊற்றி, நீங்கள் உட்காரும் மூலையில் வைத்துவிட்டு வந்தேன்.

பேனாவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துவிட்டேன் நானா. அந்த இடத்தில் இப்போது உங்கள் கடதாசி இருக்கிறது. நான் என்ன சொன்னாலும் இந்தப் போன் எழுதிவிடும். அந்த வெறும் இடத்தில் மட்டும் அதால் எழுத முடியாது.