எட்டு சதவீதம்

அம்மா,

நேற்று போனில் நீ கேட்டதற்குப் பதில்: முடியாது. ரெனோவில் நீ பரிமாறும் ஓட்டலுக்கு பில் மெஷின் மாட்டியவன் நான்தான். அதற்காக, கார்டில் வந்த டிப்ஸ் பதிவையெல்லாம் அழித்துத் தருவேன் என்று எப்படி நினைத்தாய்?

"பில் தொகையில எட்டு பர்சென்ட் டிப்ஸ்னு காட்டினா போதும்டா, நாங்க எல்லாருமே அப்படித்தான்" என்று இருபது வருஷமாகச் சொல்கிறாய். அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டமே இல்லை. அதற்குக் கீழே காட்டினால் வரி இலாகா கடையைத்தான் கேள்வி கேட்கும். அதனால் உன் முதலாளி டுவெய்ன் கிளப்பிவிட்ட கதை அது. வாங்கிய டிப்ஸ் முழுவதற்கும் வரி உண்டு. இப்போது வரி இலாகா நோட்டீஸ் அனுப்பிவிட்டது; மூன்று வருஷ வரியும் வட்டியும் அபராதமும் உன் தலையில்தான். அவன் என்ன சொல்கிறான்? "கவலப்படாத செல்லம், மெஷின் கோளாறுன்னு எழுதிக் கையெழுத்து போட்டுடு." சீ! போடாதே. இன்றைக்கு இது வெறும் அபராதம். அந்தக் கையெழுத்து விழுந்தால் மோசடி வழக்கு.

அவனைத் திட்டி இரண்டு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

என் கல்லூரி உதவித்தொகைப் படிவத்தில் உன் வருமானத்தை நிரப்பியது நான்தானே. சமையலறை மேசையில் உன் டிப்ஸ் ஜாடி நிறைந்து இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் நீ சொன்ன எட்டு சதவீதத்தை எழுதினேன். அந்தப் படிப்பில்தான் இன்று மெஷின் மாட்டுகிறேன்.

சனிக்கிழமை வருகிறேன். கட்டவேண்டியதில் பாதி என்னுடையது.

உன் மகன்