ஸ்வெட்டரும் பரிசுப்பொருள்தான்

ஜூன் 3

அமைச்சருக்கு யாரோ கொடுத்த வெள்ளிக் குதிரையை இன்று வாங்கிப் பாதுகாப்பு அறையில் பூட்டினேன். விதியில் சொன்ன மதிப்பைத் தாண்டினால் அது அரசாங்கத்துக்குத்தான் சொந்தம். “குதிரையக் குடுத்துட்டு நான் நடந்து போறதா?” என்றார் அமைச்சர். நான் சிரிக்கவில்லை. பரிசு விதிகளைக் காப்பதற்குத்தானே எனக்குச் சம்பளம்! முதுகுக்குப் பின்னால் எனக்குப் ‘பூட்டு’ என்று பெயர். தெரியும்.

ஜூன் 11

அச்சகக்காரர் வந்தார். எங்கள் துறையின் அழைப்பிதழ், அறிக்கை எல்லாம் அவர்தான் அச்சடிக்கிறார். பிழைதிருத்தும் சாக்கில் வெகுநேரம் பேசினோம். அவர் மனைவி இறந்து பல வருடமாம். இந்த வயதில் எனக்கு என்ன வெட்கம்? கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 20

அச்சகக்காரர் ஒரு பொட்டலத்தை நீட்டினார். நீல ஸ்வெட்டர். “அந்த ஏசி ரூம்ல நடுங்கிக்கிட்டே உக்காந்திருக்கீங்க, பாக்கவே பாவமா இருக்கு. எங்க அக்காகிட்ட சொல்லிப் பின்னச் சொன்னேன்.”

வாங்கிக்கொண்டேன். வீட்டில் போட்டுப் பார்த்தேன். அளவெடுத்ததுபோல் இருந்தது.

ஜூன் 21

துறையோடு தொழில் தொடர்பு உள்ளவரிடம் எதுவும் வாங்கக் கூடாது. எல்லோருக்கும் பாடம் எடுப்பவள் நான், எனக்கு மட்டும் தனிச் சட்டமா? மேலதிகாரியின் மேசையில் ஸ்வெட்டரை வைத்தேன்.

“இதக் குடுத்தவர் உங்களுக்கு என்ன வேணும்?”

“ஒண்ணும் இல்ல சார். ஒப்பந்தக்காரர்.”

திரும்பினால் வாசலில் அவர், கையில் மாதிரித் தாள்களோடு. கேட்டுவிட்டார். தாள்களை வைத்துவிட்டுப் போனார். நானே சீட்டு ஒட்டி, ஸ்வெட்டரை வெள்ளிக் குதிரைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஜூன் 22

அழுதேன். வேறென்ன எழுத?

ஆகஸ்ட் 9

அவர் வந்தார்! ஒப்பந்தம் இன்றோடு முடிகிறதாம், புதுப்பிக்க விண்ணப்பிக்கவே இல்லையாம். எங்கள் துறைதான் அவருக்குப் பெரிய வாடிக்கை.

“இப்ப உங்க ஆபீஸுக்கு நான் யாரும் இல்ல. இனிமேலாவது உங்களுக்கு யாராவது ஆகலாமா?”

உள்ளுக்குள் ஆமாம், ஆமாம் என்று கத்துகிறேன். இந்தப் பாழாய்ப்போன வாய் என்ன சொன்னது தெரியுமா?

“ஒப்பந்தம் முடிஞ்சு ஒரு வருஷம் ஆகணும். விதி அப்படி.”

ஐயோ, அது பரிசுக்குத்தானடி! மனுஷனுக்கா?

என்னையே பார்த்தார். பிறகு, “சரிங்க மேடம்” என்றார். அதுவரை என்னை அவர் மேடம் என்று கூப்பிட்டதே இல்லை.

ஆகஸ்ட் 10

போனை எடுத்தேன், வைத்தேன். விதி என்று சொன்ன வாயால் இப்போது என்னவென்று பேசுவது? சரி என்று சொல்லிவிட்டுத்தானே போனார் — காத்திருப்பார்.

டிசம்பர் 2

பாதுகாப்பு அறையில் சேர்ந்த பரிசுகளை இன்று ஏலம் விட்டார்கள். ஸ்வெட்டரும் போய்விட்டது. ஊழியர்கள் ஏலம் கேட்கக் கூடாது. அந்த விதியை எழுதியவளும் நான்தான். எடுத்தவர் அங்கேயே போட்டுக்கொண்டு கிளம்பினார். ஸ்வெட்டரின் கை அவருக்குக் குட்டையாக இருந்தது.

ஆகஸ்ட் 9

வருடம் முடிந்தது. இருப்பதிலேயே நல்லதை உடுத்திக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். அவர் மேசைக்கு எதிரே ஒரு பெண் பிழைதிருத்திக்கொண்டிருந்தாள். அவர் சட்டென்று எழுந்தார்.

“வாங்க மேடம். இது... என் வீட்டுக்காரம்மா. போன மாசம்தான்—”



அவள் நல்லவள். “வெயில்ல வந்திருக்கீங்களே, உக்காருங்க” என்று டீ கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். ஒரு கோப்பை டீ பரிசில் சேராது. விதியே அனுமதிக்கிறது.