கத்தி தூங்கிய நாள்

செப்டம்பர் 27, சனி

தம்பி முகுந்தனின் இடது கண் போய்விட்டது. டாக்டர் இன்று முடிவாகச் சொல்லிவிட்டார். போன வாரம் கோயில் கூட்டத்தில், திருவிழாத் தலைவர் யார் என்று பேச்சு முற்றி, சின்னையா பந்தல் இரும்புக் குழாயைப் பிடுங்கி அடித்தான். இந்தக் குருண் ஊரில் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவன். என்னோடு ஒரே தோட்டத்தில் எண்ணெய்க்குச் செம்பனைக் குலை வெட்டுகிறவன். போலீஸ் பிடித்துப் போனது. ஜாமீனில் வந்து வாசலில் நின்று பல் விளக்குகிறான்!

செப்டம்பர் 29

வெட்டுவேன். எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்: எழுதி வைத்துக்கொள் பசுபதி, வெட்டுவேன்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூசை

விடியலிலேயே என் மனைவி அன்பரசி அரிவாள், சாணைக்கல், நீளமான பாராங்கத்தி எல்லாவற்றையும் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழையிலையில் படுக்கப் போட்டுவிட்டாள். பத்து மணிக்குச் சின்னையா தெருவில் சிரித்துக்கொண்டே போனான். எதற்குச் சிரித்தானோ, எனக்குத் தலைக்கேறிவிட்டது. பாராங்கத்தியைத் தொட்டேன். அன்பரசி கையைப் பிடித்தாள்.

"வருஷம் முழுக்க நமக்காக உழைச்சிச்சு. இன்னைக்கு ஒரு நாள்தான் தூங்குது. தூங்கட்டும்லா. உங்க வெறிக்கு அத எழுப்புவீங்களா?"

கத்தி தூங்குமா? எனக்கென்ன பைத்தியமா? ஆனால் பொட்டு வைத்துக்கொண்டு அது படுத்திருந்ததைப் பார்த்தபின் எடுக்க மனசு வரவில்லை. வெறுங்கையோடு ஓடினேன். என்னைக் கண்டதும் அவன் தன் வீட்டுக்குள் பாய்ந்தான். அங்கேயும் பூசை. அரிவாள்மேல் கையை வைத்தவன், அதன் பொட்டைப் பார்த்து, எடுக்காமல் அப்படியே நின்றான். நான் பார்த்தேன்.

பிறகு கையாலேயே அடித்துக்கொண்டோம். அவன் மூக்கு உடைந்தது. எனக்கு ஒரு பல் போனது. இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம்.

சாயங்காலம் போனில் போர்ச் செய்தி. எங்கேயோ ஏவுகணை விழுந்து பிள்ளைகள் செத்துக் கிடக்கிறார்கள். அதற்கும் பேரெல்லாம் வைத்துத்தான் அனுப்புகிறார்கள். பேர் வைத்தவன் ஒருவனாவது, பாவம், இதற்கும் அசதியாக இருக்கும், ஒரு நாள் படுக்கட்டும் என்று நினைத்திருந்தால்?

அக்டோபர் 2

மத்தியானம் முகுந்தனை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அன்பரசி பூசையை எடுத்து, பாராங்கத்தியின் பொட்டைத் துடைத்துத் திரும்ப மூலையில் வைத்துவிட்டாள்.

அக்டோபர் 9

இடது கையால் எழுதுகிறேன். கோணல் மாணலாக வருகிறது. வலது கையில் இருபத்திரண்டு தையல்.

அன்று முகுந்தன் வந்ததும் வராததுமாகப் பாராங்கத்தியோடு இறங்கிவிட்டான். சின்னையாவின் கழுத்துக்குத்தான் ஓங்கினான். நான் குறுக்கே விழுந்தேன். ஏன் விழுந்தேன்? தம்பி தூக்குக்குப் போகக்கூடாது என்றா? முந்தின நாள் சின்னையா அரிவாளை எடுக்காமல் நின்றானே, அதற்கா? தெரியவில்லை. தன் சட்டையைக் கழற்றிக் கையைக் கட்டி, சின்னையாதான் தன் காடியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓட்டி வந்தான்.

இன்று காலை, முகுந்தன் என் கட்டிலருகே நாற்காலியில் இருக்கும்போது இன்ஸ்பெக்டர் வந்தார். யார் வெட்டியது என்றார். கத்தியைக் கழுவும்போது வழுக்கிவிட்டது என்றேன். நம்பவில்லை. பார்க்க வந்திருந்த சின்னையாவிடம் திரும்பினார். அவன் ஒரு சொல் சொன்னால் தம்பி உள்ளே போவான்.

அவன் முகுந்தனின் கண்கட்டையே பார்த்தான். இன்ஸ்பெக்டருக்குப் பணிவாகப் பதில் சொன்னான்.

"யாரும் வெட்டல துவான். கத்திதான் எகிறிடுச்சு."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார். பிறகு முகுந்தன் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சின்னையா பக்கம் தள்ளினான்.