ஒரே மருந்து, இரண்டு நிறம்

மாப்ள,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரண்மேல் இருந்து அந்த ரஸ்க் டின் கீழே இறங்கியது. இறக்கியது நானில்லை, என் மகள். நீ பார்த்தபோது பால்பல் விழுந்த வாயோடு திரிந்தவள் இப்போது பார்மசி காலேஜில் மூன்றாம் வருடம். அவரவர் வீட்டில் மிச்சம் கிடக்கிற மாத்திரைகளை எல்லாம் எடுத்துப் பெயரும் காலாவதித் தேதியும் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்களாம். மூடியைத் திறந்ததும் கிரீசும் தலைவலித் தைலமும் கலந்த அந்த நாற்றம் கூடம் முழுக்கப் பரவியது.

"இது மருந்து டப்பாவா, ஒர்க்‌ஷாப்பாப்பா?" என்றாள்.

நானும் சிரித்தேன். சிரித்தபடியே, உள்ளே திருநீற்றுக் காகிதத்தில் மடித்து வைத்திருந்ததை எடுத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். அவள் கை முந்திக்கொண்டது. பிரித்தாள். உள்ளே இரண்டு அட்டைத் துண்டுகள். ஒன்றில் வெள்ளை மாத்திரை, ஒன்றில் மஞ்சள். இரண்டையும் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே மருந்துப்பா. கம்பெனி வெச்ச பேரும் கலரும்தான் வேற. இதை மட்டும் எதுக்குத் தனியா மடிச்சு வெச்சிருக்கீங்க?"

அவ்வளவுதான் மாப்ள. கண்ணிமைக்கிற நேரம்கூட ஆகவில்லை அவளுக்கு. அதே எழுத்து, அதே இங்கிலீசு. எனக்கும் படிக்கத் தெரியும். அதுதான் வினையே.

பன்னிரண்டாவதில் நான் தேறியது தமிழிலும் உயிரியலிலும் மட்டும். அந்த ஒரு உயிரியலை வைத்துக்கொண்டு எனக்கு டாக்டர் பட்டம் கொடுத்தவன் நீ. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடுகிற நம் ரிக் வண்டி கிளம்பும்போது முன்சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், கண்ணாடிக்குச் சந்தனம், டேஷ்போர்டில் அந்த டின். சத்தீஸ்கர் போய்ச் சேர்ந்தால் ஊர் திரும்ப மாதக்கணக்காகும். காட்டுக்குள் போர் போடுகிற இடத்தில் மருந்துக்கடைக்கு எங்கே போவது? வண்டியில் இருந்த ஆறு பேருக்கும் நான்தான் வைத்தியன். ஆளாளுக்குப் பையில் போட்டுக்கொள்ளத் தோதாக அட்டைகளை ஒற்றை ஒற்றையாகக் கத்தரித்து வைத்திருப்பேன். கத்தரித்தபின் பெயராவது ஒன்றாவது. ரோஸ் என்றால் உடம்புவலி, சின்ன வெள்ளை காய்ச்சல், பெரிய வெள்ளை வயிற்றுப்போக்கு. நிறத்தை வைத்தே வைத்தியம். பஸ்ஸுக்கே போர்டு பார்த்து ஏறுகிறவன், வாயில் போடுகிற மாத்திரைக்கு நிறம் பார்த்தால் போதும் என்று இருந்தேன்.

முதல் தடவை உனக்குப் பெரிய வெள்ளை கொடுத்தேன். வயிறு நின்றது. மறுநாள் உதடு வீங்கியது, புறங்கையில் நாணயம் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது.

"மாப்ள, அந்த வெள்ளை எனக்கு ஆவறதில்லடா. ஒதடு பாரு, தேன்பூச்சி கொட்டுனாப்ல இருக்குது."

"வாய் ஓயாம பேசுறவனுக்கு ஒதடு வீங்காம முட்டியா வீங்கும்? வெயில் சூடுடா. மோரு குடி."

எல்லோரும் சிரித்தார்கள். நீதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாய். உதடு வடிந்துவிட்டது. புறங்கை வட்டம் மட்டும் போகவில்லை. கம்ப்ரசர் லிவரை நீ பிடிக்கும்போதெல்லாம் அது என் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தது.

அடுத்த பயணத்தில் மறுபடி உனக்கு வயிறு கெட்டது. அந்தத் தடவை நீ தெளிவாகச் சொன்னாய். "டாக்டரே, வெள்ளை மட்டும் வேண்டாம்." டின்னைத் துழாவி மஞ்சளை எடுத்தேன். ஊரில் கிளம்புமுன் புதிதாக வாங்கிப் போட்டது.

"இது வேற மாப்ள. வெள்ளைக்கும் இதுக்கும் சம்மந்தமே கெடையாது" என்றேன். நானே காய்ச்சி வடித்து உருட்டினவன் மாதிரி சொன்னேன். நீ நம்பினாய். இரண்டு நாள், வேளைக்கு ஒன்று.

மூன்றாம் நாள் காய்ச்சல். கண் இரண்டும் சிவந்து, வாயெல்லாம் புண்ணாகி, நெஞ்சில் கொப்புளம். சமையல்காரர் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆத்தா வந்திருக்கறா. யாரும் ஊசி மருந்துன்னு பேசப்படாது." யாரும் மறுத்துப் பேசவில்லை. முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட நிற்காத வண்டி அன்றைக்கு நின்றது. கேபினைக் கழுவினோம். எங்கிருந்தோ வேப்பிலை ஒடித்துவந்து கண்ணாடியில் செருகினோம், உன் தலைமாட்டில் பரப்பினோம். இளநீர் கிடைக்காமல் நீர்மோர் கொடுத்தோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய இரண்டு பகலை இப்படிப் பயபக்தியோடு தொலைத்தோம் மாப்ள. அம்மன் பேரில் பழியைப் போடவில்லை. நாங்களாகப் போட்டுக்கொண்ட அம்மை அது.

இரண்டாம் நாள் மதியம் உன்னைத் திருப்பிப் படுக்க வைத்தேன். என் கை பட்ட இடத்தில் தோல் ஈரக் காகிதம் மாதிரி நழுவியது. நீ கண் திறக்காமலே பேசினாய்.

"இது ஆத்தா இல்ல மாப்ள. அந்த மஞ்சள்ல என்ன எழுதியிருக்குதுன்னு ஒருக்கா படிச்சுப் பாரு."

கேபினை விட்டு இறங்கி, டின்னைக் கிளறி, பெயர் இருக்கிற நுனித் துண்டுகளைத் தேடிப் பிடித்துப் படித்தேன். வெள்ளை அட்டையில் பெரிய எழுத்தில் ஒரு பெயர், மஞ்சளில் வேறு பெயர். கீழே பொடி எழுத்தில் இரண்டிலும் ஒரே பெயர். எழுத்துக்கூட்டி ஐந்தாறு தடவை படித்தேன். மாறவில்லை. திரும்பி வந்து உன் காதோரம் குனிந்து சொன்னேன், "வேற வேறதான் மாப்ள."

நீ தலையை மட்டும் அசைத்தாய்.

அப்புறம்தான் ஆஸ்பத்திரி. சின்ன வயது டாக்டர். என் இந்தியில் இருந்ததெல்லாம் தண்ணீர், பாறை, டீசல். ஆனாலும் அவர் கேட்டது புரிந்தது. என்ன மருந்து கொடுத்தீர்கள்? மூன்று தடவை கேட்டார். மூன்றாம் தடவை மாத்திரை விழுங்குகிற மாதிரி கையால் நடித்தே காட்டினார். இரண்டு துண்டும் என் சட்டைப்பையில். "குச் நஹி" என்றேன். ஒன்றுமில்லை. போலீஸ் வருமோ, உன் சொந்தக்காரர்கள் அடிப்பார்களோ, இனி யார் என்னை வண்டியில் ஏற்றுவார்கள் என்று மனசு எதையெதையோ கணக்குப் போட்டது. அந்தக் கணக்கில் நீ இல்லை மாப்ள. இத்தனை வருடமாக எந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தாலும் அந்த இடத்தில் நீ இல்லை.

ஊருக்கு உன் உடலைக் கொண்டுவந்து சேர்த்த அன்று, இழவுப் பந்தலில் உன் வீட்டுக்காரி என் எதிரில் வந்து நின்றாள். ஏதோ மருந்து ஒத்துக்காமல் போயிருக்கலாம், என்ன மருந்தென்று தெரியவில்லை என்று அந்த டாக்டர் எழுதியிருந்தாராம். யாரோ அவளுக்குப் படித்துச் சொல்லிவிட்டார்கள்.

"அண்ணா, என்ன மாத்திரை சாப்பிட்டாருங்? உங்களுக்குத் தெரியாம இருக்காதுங்களே?"

"தெரியலீங்க அம்மிணி."

அதற்குப் பிறகு நான் ரிக்குக்குப் போகவில்லை. ரிக்குக்கு ஓஸ் பைப் விற்கிற கடையில் நிற்கிறேன். இடுப்புவலி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுவேன்.

இதையெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை மகளிடம் சொன்னேன். எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ தெரியவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. "அப்பவே சொல்லியிருந்தாப் பொழைச்சிருப்பானா சாமி?" என்று கேட்டேன். "அதைச் சொல்ல முடியாதுப்பா. ஆனா எந்த மருந்துன்னு தெரிஞ்சுக்கறதுதான் மொதல் வேலை" என்றாள். அந்த "சொல்ல முடியாது" ஒருநாள் எனக்கு ஆறுதலாக இருக்கிறது, மறுநாள் அதுவே தூங்கவிட மாட்டேன் என்கிறது.

மறுநாள் காலேஜிலிருந்து ஒரு படிவம் கொண்டுவந்தாள். தமிழில்தான் இருந்தது. மருந்து ஒத்துக்காமல் யாருக்காவது கெடுதல் வந்தால் எழுதி அனுப்பலாமாம். டாக்டர்தான் எழுத வேண்டும் என்றில்லை, யாரும் எழுதலாம். நாலா பக்கமிருந்தும் இப்படி வருவதைச் சேர்த்துப் பார்த்துத்தான் எந்த மருந்தில் என்ன ஆபத்து என்று கண்டுபிடித்து, மற்ற டாக்டர்களை உஷார்ப்படுத்துவார்களாம். "இத்தனை வருசம் கழிச்சா?" என்றேன். "லேட்டானாலும் எழுதலாம்னு மேடம் சொல்றாங்கப்பா" என்றாள்.

நோயாளியின் பெயர் முழுதாக வேண்டாம், முதலெழுத்து போதும் என்றிருந்தது. உன் இரண்டு எழுத்தைப் போட்டேன். அடுத்தாற்போல் ஒரு கேள்வி. இதே மருந்தால் இதற்கு முன்பும் இப்படி ஆனதுண்டா? பேனா அங்கேயே நின்றுவிட்டது. தேன்பூச்சி கொட்டினாற்போல என்று நீ சொன்னதை, நான் சிரிக்க வைத்ததை, எந்தக் கட்டத்துக்குள் எழுதுவது? "ஆம்" என்று மட்டும் எழுதினேன்.

ஆஸ்பத்திரிக் காகிதங்கள் இருந்தால் நல்லது என்றாள் மகள். அவை உன் வீட்டில் இருந்தன. போகாமல் இருக்க நான் சொன்ன சாக்குகளைக் கேட்டிருந்தால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். கடைசியில், போன புதன்கிழமை உன் ஊருக்கு ஜேடர்பாளையம் பஸ் ஏறினேன்.

உன் வீட்டுக்காரி இளைத்துப் போயிருந்தாள். நெற்றியில் தையல் போட்ட தழும்பு. வாழைக்காட்டில் தலைசுற்றி விழுந்தாளாம்.

"பிரசருங்கண்ணா. ஆசுபத்திரியில மாசாமாசம் மாத்திரை குடுக்கறாங்க. வாங்கியாந்து அரிசிச் சட்டிக்குள்ள போட்டு வெச்சிருவேன்."

"முழுங்கறதில்லீங்களா?"

"எனக்கு மாத்திரைன்னாலே ஆவாதுங்கண்ணா. அந்த மொறை போகயில நாந்தான் காய்ச்சல் மாத்திரை ஒரு அட்டை அவரு பையில வெச்சுவுட்டேன். நான் வெச்சுவுட்டதே அவரைத் தின்னுருச்சு. நானே குடுத்துப்போட்டு, நான் மட்டும் மாத்திரை தின்னு நல்லா இருக்கோணுங்களா?"

மாப்ள, நான் மறைத்து வைத்தேன், என்னோடு போகும் என்று நினைத்தேன். நான் வாயை மூடிக்கொண்ட அன்றைக்கே அந்தப் பழி அவள் தலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. உன் பையிலிருந்த அந்த அட்டையில் ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. எனக்குத் தெரியும். உன் துணிமணிகளை மடித்துக் கட்டியவன் நான்தானே.

திருநீற்றுக் காகிதத்தை எடுத்து அவள்முன் பிரித்து வைத்தேன். முதலிலிருந்து சொன்னேன். வெள்ளை, மஞ்சள், பொடி எழுத்து, மூன்று தடவை கேட்ட டாக்டர். "நீங்க குடுத்தது இல்லீங்க அம்மிணி. நான் குடுத்தது."

அவள் அழவில்லை. சாபம் விடவில்லை. அந்தத் துண்டுகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பந்தல்ல கேட்டனேண்ணா. அத்தனை பேரு முன்னாடி உங்களை மட்டுந்தானே கேட்டேன்."

எழுந்து உள்ளே போனாள். ஆஸ்பத்திரிக் காகிதங்களைக் கொண்டுவந்து என் கையில் தராமல் நாற்காலிமேல் வைத்தாள். வருகிறேன் என்றேன். நம் பக்கத்தில் யாரும் செய்யாததை அவள் செய்தாள். ஒரு வார்த்தை சொல்லாமல் கதவைச் சாத்தினாள். சாத்தட்டும் மாப்ள.

படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம், எழுதுகிறவர் நோயாளிக்கு என்ன உறவு என்று. நண்பன் என்று எழுதினேன். அது மட்டும் போதாது என்று பட்டது. பக்கத்திலேயே "மாத்திரை கொடுத்தவன்" என்றும் எழுதினேன். மகள் படித்துப் பார்த்தாள், அந்த வரியை அடிக்கவில்லை. அப்படியே அனுப்பியாயிற்று.

இன்று காலை வாசலில் குரல் கேட்டது. உன் வீட்டுக்காரி. கையில் மஞ்சப்பை. என்னைத் தாண்டிக்கொண்டு உள்ளே போய், அரிசித்தூசி ஒட்டியிருந்த மாத்திரை அட்டைகளை என் மகள் முன்னால் மேசைமேல் கொட்டினாள்.

"இதையெல்லாம் படிச்சுச் சொல்லு சாமி. உங்கப்பன் கையில மட்டும் குடுத்துறாத."

"தரமாட்டேனுங்கத்தை" என்றாள் மகள். நான் கதவோரம் நின்றுகொண்டேன். அந்தக் கேலி எனக்கு இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது.

மகள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தாள். காலாவதியானவற்றைத் தனியே ஒதுக்கினாள். பையில் கூடவே இருந்த டாக்டர் சீட்டையும் இந்த மாத அட்டையையும் ஒப்பிட்டாள், அந்த ஆஸ்பத்திரி நர்சுக்குப் போன் போட்டு ஒருமுறை கேட்டுக்கொண்டாள். உன் பையில் இருந்தது காய்ச்சலுக்கான மாத்திரை, இது பிரஷருக்கு, அதற்கும் இதற்கும் உறவில்லை என்று, பொடி எழுத்தில் விரலை வைத்து நிதானமாகக் காட்டினாள். நான் உனக்குச் சொன்ன அதே வாக்கியம் மாப்ள. அவள் படித்துவிட்டுச் சொன்னாள்.

உன் வீட்டுக்காரி மாத்திரையை உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"தண்ணி கொண்டாங்கண்ணா."

கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அண்ணாந்து விழுங்கி முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றேன்.

டின்னைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அட்டைத் துண்டு இரண்டும் மறுபடி சட்டைப்பைக்கே வந்துவிட்டன. இப்போதெல்லாம் மருந்துக்கடையில் நின்று பொடி எழுத்துவரை படித்த பிறகுதான் நகருகிறேன். கத்தரிக்காத அட்டையாகக் கேட்கிறேன். பின்னால் நிற்கிறவர்கள், "படிச்சு முடிச்சுட்டீங்களா டாக்டரே?" என்று கேலி பேசுகிறார்கள். அந்தப் பேர் எனக்கு எப்படி வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்க்காமல் படித்துக்கொண்டே இருப்பேன். ஒருக்கா படிச்சுப் பாரு என்று நீ சொன்னாய். படித்துக்கொண்டிருக்கிறேன் மாப்ள.