கத்திக்குத் தோல் பிடி

ஜனவரி 18
பொங்கலுக்கு வாங்கிய கடைசிக் கரும்பை வெட்டும்போது கத்தியின் மரப்பிடி பிளந்துவிட்டது. பழைய லாரியின் வில்பட்டையைக் காய்ச்சி அப்பா தன் கையால் அடித்த கத்தி. பிடி மட்டும் அவருக்கு எப்போதும் சரியாக வராது. அம்மா பழைய துணியைச் சுற்றிக் கட்டினாள். பல்வலிக்காரன் மாதிரி ஆகிவிட்டது கத்தி. நான் தோலில் பிடி போடுகிறேன் என்றேன்.

"மாப்ளைங்களுக்குத்தான் பிடி குடுக்க மாட்டேங்குற கவி. கத்திக்காவது குடு" என்றாள் அம்மா.

ஜனவரி 22
கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து, தேரடி வீதியில் பை தைக்கிறவரிடம் தோல் துண்டு கேட்டேன். "எதுக்கும்மா?" "கத்திக்கு." அதற்கப்புறம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஊசி, மெழுகு நூல் எல்லாம் வேகமாக எடுத்துக் கொடுத்தார்.

ஜனவரி 25
புது மரத்தை ஒட்டி, மேலே தோல் சுற்றித் தைத்தேன். அழகாக இருந்தது. தென்னை மட்டையில் ஒரு போடு. தோல் என் கையில், கத்தி மட்டையில். அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் மோட்டார் போடப் போனார்.

ஜனவரி 29
தோலை ஊறவைத்து ஈரத்தோடு இழுத்துத் தைக்க வேண்டுமாம். காய்ந்தால் இறுகிக்கொள்ளுமாம். வீடியோவில் பார்த்தேன். ஊறவைத்தேன். வீடு முழுக்க நாற்றம். அம்மா குண்டானைக் கொல்லையில் வைத்துவிட்டு, "ஞாயித்துக்கெழம கீழ்பென்னாத்தூர்லருந்து பொண்ணு பாக்க வராங்க" என்றாள். பையன் பெயர் பிரகாஷ்.

ஞாயிறு தைப்பூசம், பௌர்ணமி வேறு. கிரிவலக் கூட்டம் முழுக்க அடி அண்ணாமலை ஊரில் எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் போகும். சொன்னேன். "அவங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

பிப்ரவரி 1
இதை எப்படி எழுதுவது —

காலையிலிருந்து நடக்கிறவர்கள் கதவைத் தட்டித் தட்டிப் பாத்ரூம் கேட்டபடி இருந்தார்கள். நான் பட்டுப்புடவையில். மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம் வருவதாகப் பேச்சு. அப்பா அவர்களை அழைத்துவர முன்னாலேயே போய்விட்டார். அம்மா பூ வாங்கப் போனாள். ஊறின தோல் வீணாகப் போகுமே என்று கொல்லையில் உட்கார்ந்து தைத்தேன்.

மறுபடி தட்டல். கத்தியும் கையுமாகப் போய்த் திறந்தேன். வியர்த்து வழிந்தபடி ஒரு அம்மா. பின்னால் சட்டை நனைந்த ஒரு இளைஞர்.

"பாத்ரூம் பின்னாடி. செருப்ப வெளிய வுட்டுட்டு ஒருத்தர் ஒருத்தரா போங்க" என்று கத்தியாலேயே வழி காட்டினேன்.

அந்த அம்மா உடனே போனார். பின்னால் நின்றவர் நகரவே இல்லை. திரும்பி வந்த அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பஸ்ஸ ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்கம்மா. அங்கருந்து நடை. நாங்கதான் கீழ்பென்னாத்தூரு."

பிப்ரவரி 3
தரகர் போன் செய்தார். பொண்ணு நல்லாத்தான் இருக்குதாம். பையனுக்குத்தான் பயமா இருக்குதாம்.

பிப்ரவரி 4
அம்மா சாமி ரூம்ல உக்காந்து அழுதா. நான் என்ன பண்ணிட்டேன் இப்ப? யாரையாவது குத்தினேனா? பாத்ரூம்தான காட்டினேன். அவர் வேணாம்னதுக்கு எனக்கு அழுகை வரல. இவ அழறதப் பாத்தாதான் வருது.

பிடி காய்ந்துவிட்டது. இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. யாரிடம் போய்ச் சொல்ல?

பிப்ரவரி 11
பிரகாஷின் அம்மா ராஜம்மாள் வந்தார், தனியாக. மனசு மாறிவிட்டது என்று நினைத்து அம்மா காபி போட ஓடினாள். அவர் துண்டில் சுற்றி வைத்திருந்த அரிவாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"பையனுக்காக வரல. புல்லறுத்து கை எரியுது. அன்னிக்கு உன் கத்தியத் தொட்டுப் பாத்தேன், மெத்துனு இருந்துச்சு. இதுக்கும் அப்படி ஒண்ணு போட்டுக் குடு."

உள்ளங்கையை விரித்தார். நிறையக் கொப்புளங்கள், சில உடைந்தும் இருந்தன.

காபியோடு வந்த அம்மா அரிவாளைப் பார்த்து நின்றாள். பிறகு, "சக்கர போதுமாங்க?" என்றாள்.

பிப்ரவரி 22
அவர் கையை அளந்து தைத்த பிடி. ராஜம்மாள் வாங்கிக் காற்றில் ஒரு வீசு வீசினார். அம்மா கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"எரியலம்மா" என்றார் ராஜம்மாள். அம்மாவிடம், "பயப்படாத பையனாப் பாருங்க. என் புள்ள அதுக்கு லாயக்கில்ல" என்றார். அம்மா சிரித்துவிட்டாள். பூசத்துக்கு அப்புறம் இன்றுதான்.

மே 24
கீழ்பென்னாத்தூரில் பிரகாஷ் கல்யாணம். ராஜம்மாள் வீட்டுக்கே வந்து அழைத்திருந்தார். மேடையேறினோம். மாப்பிள்ளை முதலில் என் கையைத்தான் பார்த்தார். வெறும் மொய்க்கவர்.

பந்தியில் பக்கத்து இலைக்காரர், "நீங்க பொண்ணு வூடா, மாப்ள வூடா?" என்று கேட்டார். அம்மா திணறினாள். குழம்பு வாளியோடு வந்த ராஜம்மாள், "ரெண்டும் இல்ல. எனக்கு வேண்டியவங்க" என்று சொல்லிவிட்டு, நான் போதும் போதும் என்று சொல்லியும் கேட்காமல் இன்னொரு கரண்டி ஊற்றினார்.